முண்டாசுக் கிழவரை வரைவதை நிறுத்திய ஆண்டு

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் என்னுடைய பதினான்கு ஓவியங்கள் பார்சல் லாரியில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பி வந்தன. மாசி மாதத்தில் ஒரு பெருநகர ஓவியக்கூடத்தில் அவை தனிக் கண்காட்சியாக வைக்கப்படுவதாக இருந்தது. தொடக்க நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, இவ்வகை ஓவியங்களை வாங்குவோர் இப்போது குறைந்துவிட்டார்கள் என்று நான்கு வரியில் கடிதம் எழுதிக் கண்காட்சியைக் கைவிட்டுவிட்டார்கள். சட்டமிடுவதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 42,000 ரூபாய் செலவழித்திருந்தேன். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு கித்தான்கள் மூலையில் கிழிந்திருந்தன. ஒன்று, முண்டாசு கட்டிய கிழவர் ஒருவர் வேப்பமரத்தடியில் கண்ணை இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும் படம். மற்றொன்று, இடுப்பில் குடத்தை ஏந்தியபடி குளத்துப் படியேறும் பெண். மீதிப் பன்னிரண்டிலும் மாட்டுவண்டியும் திண்ணையும் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றமும் பல்லாங்குழி ஆடும் கிழவிகளும் இருந்தார்கள்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்துச் சொந்த ஊருக்குத் திரும்பியதிலிருந்து, பதினாறு ஆண்டுகளாக இவற்றைத்தான் வரைந்து வந்தேன். பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். காலை நேரம் என்னுடையது. நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்களும், பெங்களூருவில் புதிதாக வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்களும் என் ஓவியங்களை வாங்கினார்கள். அவர்கள் கேட்டது கிராமம். நானும் கிராமத்தைக் கொடுத்தேன். அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஓவியங்கள் திரும்பி வந்த வாரத்தில் எனக்கு இருந்தது கோபம் மட்டுமே. ஒரு கலைஞரின் உழைப்பை நான்கு வரியில் தள்ளிவிடலாம் என்று நினைத்த அந்தக் கடிதத்தின் மேல் இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால், அதில் சொல்லப்பட்டிருந்ததை விடக் கடுமையான குறை ஒன்று என் ஓவியங்களில் இருந்தது என்பதை அறிய மேலும் ஐந்து மாதங்கள் ஆயின.

மாசியில் வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. பெருவிரலின் அடியிலிருந்து முன்கை வரை ஓடும் தசைநாண்கள் வீங்கியிருப்பதாகவும், பல ஆண்டுகள் ஒரே பிடியில் தூரிகையைப் பிடித்ததே காரணமாக இருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, ஆறு வாரம் வரையக் கூடாது என்றார். ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாயிற்று. பிள்ளைகளின் தாள்களில் கோடு திருத்தக்கூட இடது கையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. காலை நேரங்களில் வெற்றுக் கித்தானுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது தாங்க முடியாததாக ஆனபோது, ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி, உள்ளங்கையில் அடங்கும் தன் பழைய கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். "சும்மாதான் கெடக்குது அக்கா, நீ வெச்சுக்க. இதுக்கு ஒரு வெரலு போதும்" என்றான். அழுத்துவதற்குச் சுட்டுவிரல் போதும் என்பது உண்மைதான். ஆனால் நடப்பதற்குக் கால்களும், அந்நியர்கள் முன் நிற்பதற்குத் துணிவும் வேண்டும் என்பதை அவனும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

அந்தக் கேமராவின் லென்ஸ் மாற்ற முடியாதது. 18 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்டது. தொலைவில் உள்ளதை இழுத்துக் காட்டாது. ஒரு முகம் படத்தில் பெரிதாக வரவேண்டுமென்றால், அந்த முகத்துக்கு இரண்டடி அருகே போக வேண்டும். தெருவில் படம் எடுப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை ஒன்றைத் தம்பி சொல்லிக் கொடுத்தான். குவியத்தை இரண்டு மீட்டரில் நிறுத்தி, லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்துவிட்டால், ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள யாவும் போதிய தெளிவுடன் பதிந்துவிடும். கேமரா குவியத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அரை நொடியில் காட்சி கலைந்துபோகாது. வெயிலில் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காக வைத்துவிட்டால், நடப்பவரின் கால் தரையிலிருந்து எழும் கணமும் உறைந்து நிற்கும். இவற்றை முன்கூட்டியே செய்துவிட்ட பிறகு, தெருவில் செய்ய வேண்டியவை இரண்டுதான்: எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது. ஓவியத்தில் ஒரு கையை எங்கே வைப்பது என்று மூன்று நாள் யோசிக்கலாம். இங்கே கை தானாக வந்து, இருந்து, போய்விடுகிறது.

கிருஷ்ணகிரி ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகர். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும், ஊரின் உயிர் சாலைகளில்தான் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று ஐந்து திசைகளுக்கும் இங்கிருந்து வழி பிரிவதால், இரவு இரண்டு மணிக்கும் பேருந்து நிலையத்தில் யாராவது பெட்டியின் மேல் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருப்பார்கள். பங்குனியில் அங்கேதான் தொடங்கினேன். பிறகு ஐந்து ரோடு ரவுண்டானா, லண்டன்பேட்டை, கோட்டை மலையின் பாறைகள் தெரியும் பழைய தெருக்கள், வாரத்துக்கு ஒரு முறை காவேரிப்பட்டணம் என்று நடந்தேன். முதல் வாரங்களில் கேமராவை மார்புக்கு மேல் தூக்கவே முடியவில்லை. ஒரு பெண் தனியாகக் கேமராவுடன் தேநீர்க் கடை எதிரே நின்றால், "எந்தப் பேப்பர் மேடம்?" என்று ஒருவர் கேட்பார், "யூடியூபா?" என்று அடுத்தவர் கேட்பார். இந்த ஊரில்தான் பிறந்தேன், படம் வரைகிறவள், கை சரியில்லாததால் இதைச் செய்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். பெரும்பாலோர் கையைப் பற்றி விசாரித்தார்கள். மூன்று பேர் எண்ணெய் வைத்தியம் சொன்னார்கள். ஒரு நடத்துநர் தம் மணிக்கட்டிலும் அதே வலி இருப்பதாகச் சொல்லி, பயணச்சீட்டைக் கிழிக்கும் விதத்தை எனக்குக் காட்டினார்.

ஆனி மாதத்துக்குள் 2,600 படங்கள் சேர்ந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தம்பி உதவியுடன் அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தேன். முதல் நூறு படங்களுக்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. முண்டாசு கட்டிய கிழவர்கள். சுருக்கம் விழுந்த கிழவிகள். தலைச்சுமைப் பெண்கள். பாதிக்கு மேற்பட்டவற்றைக் கறுப்பு வெள்ளையாக வேறு மாற்றியிருந்தேன். மின்கம்பி படத்தில் விழாதபடி குனிந்து எடுத்திருந்தேன். ஃபிளெக்ஸ் பலகைகள் தெரியாதபடி சுவரை ஒட்டி நின்று எடுத்திருந்தேன். கைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசி முடிக்கும் வரை காத்திருந்திருக்கிறேன். பதினாறு ஆண்டுகளாக மாடியில் உட்கார்ந்து வரைந்த ஓவியங்களையே, மூன்று மாதம் வெயிலில் நடந்து மறுபடியும் எடுத்து வந்திருந்தேன். கை வலித்து ஓவியம் நின்றுபோனபோதுகூட எனக்கு அவ்வளவு தளர்ச்சி வரவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் நடந்ததை அந்த இரவில்தான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். போச்சம்பள்ளி வாரச்சந்தை ஞாயிறுதோறும் கூடுவது. ஆடும் மாடும் கோழியும் காய்கறியும் கருவாடும் துணியும் கயிறும் விடியற்காலையிலிருந்தே வந்து இறங்கும். அங்கே நீலத் தார்ப்பாய்க்கு அடியில் பச்சைமிளகாயும் கீரையும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வெயிலில் வேலை செய்யும் பெண்களில் பலர் அப்படித்தான் அணிகிறார்கள். மிளகாய்க் குவியலுக்கு முன்னால், கைபேசியில் பணம் வந்தால் தொகையைச் சத்தமாக அறிவிக்கும் சிறிய ஒலிப்பெட்டியும், க்யூஆர் அட்டையும் இருந்தன. முகம் மிக அழகாக இருந்தது. அனுமதி கேட்டேன், சரி என்றார். கேமராவைத் தூக்கிய பிறகு, "அக்கா, அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறீங்களா? சட்டையக் கழட்டிட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்றேன். அவர் கையில் இருந்த கீரைக்கட்டை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஏம்மா, அது இல்லாட்டி நான் எப்படி யாவாரம் பண்றது? என்னைய எடுக்க வந்தியா, வேற யாரையாச்சும் எடுக்க வந்தியா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, படம் எடுக்காமல் வந்துவிட்டேன். அந்த 2,600 படங்களின் முன் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது: வேறு யாரையோ எடுக்கத்தான் போயிருந்தேன். நான் வரைந்த குடம் ஏந்திய பெண்ணுக்கு வயது இல்லை, வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் இல்லை. அவளைப் போல ஒருவரையும் கிருஷ்ணகிரியில் நான் சந்தித்ததில்லை. என் அம்மா குழாயடியில் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றவர். அவரை நான் ஒரு முறைகூட வரைந்ததில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் கேமராவைத் தொடவில்லை. அந்த நாட்களில் படம் எடுப்பவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்; ஓவியத்திலிருந்து வந்தவர்களே என்னை அதிகம் ஈர்த்தார்கள். தெருப் புகைப்படக்கலை என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன், ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். 1930களின் தொடக்கத்தில் லைக்கா கேமராவைக் கையில் எடுத்து, நாற்பது ஆண்டுகள் உலகம் சுற்றிப் படமெடுத்த பின், 1970களில் மீண்டும் பென்சிலுக்கே திரும்பிவிட்டார். சால் லைட்டர் 1946இல் ஓவியராக வேண்டும் என்று நியூயார்க்குக்கு வந்தவர். கடைசி வரை வரைந்துகொண்டே, தம் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே மழை வழியும் கண்ணாடிகளையும் குடைகளையும் வண்ணத்தில் எடுத்துவந்தார். அவர் இளமையில் எடுத்த வண்ணப்படங்களின் அருமையை உலகம் உணர்ந்தபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. இருந்த தெருவை விட்டு எங்கும் போகாமல் இத்தனை பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனாலும், என் கையைப் பிடித்து வழிமாற்றியவர் ரகுபீர் சிங்தான். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999இல் மறைந்த அவர், மதிப்புமிக்க புகைப்படக்காரர்கள் கறுப்பு வெள்ளையையே கலையாகக் கருதிய காலத்தில், இந்தியாவை வண்ணத்தில்தான் காண முடியும் என்ற நிலைப்பாட்டைக் கடைசி வரை விடவில்லை. நான் எதற்காகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன் என்று யோசித்தேன். நீலத் தார்ப்பாயையும் பிளாஸ்டிக் வாளியையும் மறைப்பதற்காகத்தான்.

வண்ணத்தை மறைக்காமல் எடுக்கத் தொடங்கியதும், ஓவியர் என்ற முறையில் எனக்கு வெட்கம் தரத்தக்க ஒன்று புலப்பட்டது. எங்கள் மக்களின் தோல் நிறத்துக்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளையும் கலந்து, நிழலுக்கு அம்பர் என்ற அடர்பழுப்பைச் சேர்த்துப் பதினாறு ஆண்டுகள் பூசியிருக்கிறேன். சந்தையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியும் மூக்கும் அப்படி இருப்பதில்லை. துணியைத் துளைத்து இறங்கும் வெளிச்சம் நெற்றியில் நீலமாகப் படிகிறது; எதிரே குவித்திருக்கும் தக்காளியிலிருந்து எழும் சிவப்பு, தாடையின் அடியில் ஏறுகிறது; இரண்டும் சேரும் கன்னத்தில், பெயர் சொல்ல முடியாத ஓர் ஊதா நிறம் நிற்கிறது. தார்ப்பாய் மஞ்சளாக இருந்தால் எல்லாம் மாறிவிடும். ஒரே தெருவில் இருபது கடைகள், இருபது வகையான முகநிறங்கள். இதைப் படத்தில் பார்த்த பிறகே நேரில் பார்க்கக் கற்றேன். எத்தனை முறை அந்தத் தார்ப்பாய்களுக்கு அடியில் நின்று காய் வாங்கியிருக்கிறேன்!

மாம்பழக் காலம் அதற்குள் உச்சத்துக்கு வந்திருந்தது. கிருஷ்ணகிரியை மாங்கனி மாவட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அல்போன்சாவும் செந்தூராவும் கூடைகளில் அடுக்கப்பட்டு வெளியூர் போகும்போது, பெங்களூரா என்று நாங்கள் அழைக்கும் கிளிமூக்கு மாங்காய் டிராக்டர்களில் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும். பொன்னிறக் கனிக்குவியல்களை நான் பலமுறை வரைந்திருக்கிறேன். இம்முறை தொழிற்சாலை வாசலில் வரிசையாக நின்ற டிராக்டர்களின் அருகே இரண்டு நாள் இருந்தேன். விவசாயிகள் லோடின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் டோக்கன் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். வெயில் ஏற ஏற, வண்டியின் அடியிலிருந்து சாறு வடிந்து தார்ச்சாலையில் கறுத்துக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆகக் காய் எடை குறையும், அடியில் உள்ளது நசுங்கும், விலை எவ்வளவு கிடைக்கும் என்பதோ தராசில் ஏறிய பின்தான் உறுதியாகும். எடுத்த முந்நூறு படங்களில் எனக்கு ஒன்றே போதும். மாங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து, கைபேசியில் வரிசையின் முனையில் நிற்கும் தம் அண்ணனிடம் எத்தனை வண்டி நகர்ந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர். அவர் முகத்தில் உள்ள கவலை மாங்காய் வேளாண்மையின் கவலை மட்டும் இல்லை. மறுநாள் அவருக்குத் தேர்வு இருந்தது. பேசியிராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது. படம் பார்ப்பவர்களுக்கும் தெரியப்போவதில்லை. எனினும், தெரிந்துகொண்டு எடுத்ததால் நான் நின்ற இடம் வேறாக இருந்தது என்று நம்புகிறேன்.

எடுக்கக் கூடாதவை எவை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உறங்குபவர்களை எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. குடித்து விழுந்தவர்களை எடுப்பதில்லை. மற்றவர்களை எடுத்துவிட்டு உடனே படத்தைக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னேயே அழித்துவிடுகிறேன். முன்கூட்டியே கேட்டால் முகம் மாறிவிடும், அதனால் கேட்கவே கூடாது என்று சொல்லும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஓரளவு உண்மை என்றாலும், பெருநகரத்தில் மறுபடியும் பார்க்கப்போகாதவர்களிடையே அது நடக்கலாம். இங்கே இன்று எடுத்தவரை நாளை பேருந்தில் பார்ப்பேன். அதனால், முடிந்தவரை நாலுக்கு ஆறு அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

புரட்டாசியில் போச்சம்பள்ளி மாட்டுச்சந்தையில் இந்த ஒழுங்கு ஒரு சோதனைக்கு உள்ளானது. மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் ஒருவர் தம் தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைகள் மேலும் போர்த்துவார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து அழுத்தி விலையை உணர்த்துவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. இரண்டு முகங்கள், நடுவில் அசையும் ஒரு துண்டு, பின்னால் ஒன்றும் அறியாமல் நிற்கும் மாடு. இதற்காக நான்கு வாரம் காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். வாங்குபவரின் புருவம் ஏறிய கணம், துண்டின் மடிப்புகளில் விரல்களின் அமைப்பு நன்றாகத் தெரிந்தது. நான் அதுவரை எடுத்தவற்றில் அதுவே மிகச் சிறந்தது. தரகரிடம் காட்டினேன். அவர் திரையை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா, தெரிஞ்சவன் பாத்தா வெரல எண்ணிடுவான். துண்டு போட்டதே அதுக்குத்தானேம்மா" என்றார். அழித்தேன். அழிக்கும்போது மனம் வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனாலும், துண்டுக்கு அடியில் உள்ளது அவர்கள் இருவருக்கும் உரியது. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

ஐப்பசி மழை தொடங்கியபோது, ஒரு வேலையாகத் தருமபுரிக்குப் போயிருந்தேன். பேருந்துக்கு நேரம் இருந்ததால் அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தேன். சிறுமியாக இருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்துப்போய்க் காட்டிய நடுகற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்றும் நிற்கின்றன, சிலவற்றுக்கு மஞ்சள் பூசிப் பூச்சூட்டுகிறார்கள். மாணவப் பருவத்தில் அந்த உருவங்களைக் கோட்டோவியமாக நகலெடுத்தபோது, எல்லா வீரர்களும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வில், வாள், ஒரு பக்கம் திரும்பிய கால்கள். இம்முறை உருவத்துக்கு மேலே வெட்டியிருக்கும் எழுத்துகளைக் கவனித்தேன். எழுத்துள்ள நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய் இறந்தான் என்று வெட்டியிருப்பார்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சர், வீரன் என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை, நாய் என்றும் நிறுத்திக்கொள்ளவில்லை. நான் வரைந்த முண்டாசுக் கிழவருக்குப் பெயர் இல்லை. அன்று அங்கே நான் படம் எதுவும் எடுக்கவில்லை; கற்களின் முன் நின்றுவிட்டு, கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் திரும்பினேன்.

மணிக்கட்டு கார்த்திகையில் சரியாயிற்று. உடனே வரையத் தொடங்கவில்லை. மார்கழிப் பனியில் காலை ஐந்தரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் எடுத்த படங்களே இந்த ஆண்டின் படங்களில் எனக்கு நெருக்கமானவை. பெங்களூரு வண்டியின் முகப்பு விளக்கு பனியில் பரவி நிற்க, ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சால்வைக்குள் கைகளை ஒடுக்கியபடி வரிசையாக நிற்கிறார்கள். சென்ற ஆண்டு வரை இந்தப் பெண்களை நான் ஓவியத்துக்குரியவர்களாக நினைத்ததே இல்லை. என் தம்பியோடு வேலை செய்பவர்கள் அவர்கள்.

மாசியில் காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைக்குப் போனேன். சிவராத்திரியை அடுத்த அமாவாசையில், அங்காளம்மன் வேடமிட்டவர்களோடு சுடுகாடு நோக்கிப் புறப்படும் அந்த ஊர்வலத்தில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் செருகியபோது கேமராவின் நினைவக அட்டை திறக்கவில்லை. கடையில் கொடுத்துப் பார்த்தும் ஒரு படமும் மீளவில்லை. ஓராண்டில் இரண்டாம் முறையாக எல்லாம் போயிற்று என்று தோன்றிய அந்த இரவில், பழக்கத்தினால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நினைவில் உள்ளவற்றைக் கரிக்கோலால் போடத் தொடங்கினேன். காளி வேடமிட்ட ஒருவர், புறப்படுமுன் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கண்களைச் சுருக்கிக்கொண்டது. முறத்தில் இருந்த தானியம் தீர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்த ஒரு பையன். அம்மனுக்கு முன்னே கைபேசியை உயர்த்தி, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு நேரலையில் காட்டிய பெரியவர். அவர் முண்டாசு கட்டியிருந்தார். விடிவதற்குள் இருபத்திரண்டு தாள்கள் ஆயிற்று. அவற்றில் மூன்றை இப்போது கித்தானில் வரைந்துகொண்டிருக்கிறேன். பெரியவரின் முகத்தில் கைபேசித் திரையின் வெளிச்சம் விழ வேண்டும் என்பதால், அந்த நீலத்தைக் கலப்பதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. இன்னும் சரியாக வரவில்லை.

அந்தக் கீரைக்கார அம்மாளின் படத்தை ஆடி மாதமே எடுத்துவிட்டேன். முழுக்கைச் சட்டையோடும் ஒலிப்பெட்டியோடும், கையில் சில்லறையோடு, எதிரே நின்ற ஒருவரிடம் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. அச்சிட்டுக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் அவர் வராத வாரமாகவோ, மழையாகவோ, சந்தை கலைந்த நேரமாகவோ அமைந்தது. இந்தப் பங்குனியில்தான் கையில் கொடுக்க முடிந்தது. புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார். பிறகு திரும்ப வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதும்மா. ஆனா இந்தக் கார்டுல என் பேரு எழுதி இருக்குது பாரு, பாதிதான் வந்திருக்குது. தராசு மறைச்சுடுச்சு."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். க்யூஆர் அட்டையின் அடியில் அச்சிட்டிருந்த அவர் பெயரில் முதல் மூன்று எழுத்துகள் மட்டுமே தெரிந்தன. மீதியை எடைத்தட்டின் விளிம்பு மறைத்திருந்தது. எட்டு மாதமாக அந்தப் படத்தை என்னிடம் வைத்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. மகள் பரீட்சை முடிந்து அடுத்த ஞாயிறு சந்தைக்கு வருவாள், இரண்டு பேரையும் சேர்த்து எடு, பேரு முழுசா வரணும் என்றார். அடுத்த ஞாயிறு விடியற்காலைப் பேருந்தில் போனேன். மகள் தராசை இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அட்டையைத் துணியால் துடைத்து நேராக நிறுத்தினாள். நான் வலப்பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றேன்.